நாய்க்குடை

"உன் கையால வேண்டாம்மா. உங்கப்பாவைத் தரச் சொல்லு" என்றாள், கடைக்கு வாடிக்கையாக வரும் மேவிஸ்.

பொட்டலத்தை நீட்டிய பெத்தனி அப்படியே நின்றாள். மீன் வறுவல் கடைக்காரர் நார்மன் கெர்ஷா அதை மகளிடமிருந்து வாங்கி, பிரிக்காமல் மேவிஸிடமே கொடுத்தார். மேவிஸுக்குத் திருப்தி.

ஃப்ளீட்வுட் ஊரில் ஒரு வாரமாக இதே கதைதான்.

அதற்கு முன்னால் பெத்தனி ஊரின் செல்லப்பிள்ளை. வாரம் ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் தொலைக்காட்சித் தொழில் போட்டிக்குப் பதினாறு வயதில் தேர்வானவள். முதல் வாரம் கொட்டுகிற மழையில் ஐஸ்கிரீம் விற்றாள். அடுத்த வாரம் ஒரு வழுக்கைத் தலையரிடம் சீப்பு விற்றாள். அவரும் நன்றி சொல்லி வாங்கிப் போனார். ஒவ்வொரு வாரமும் கடை நிரம்பியது. நார்மன் பார்க்கிறவர்களிடமெல்லாம், "என் பொண்ணு" என்றார், அவர்களுக்குத் தெரியாதது போல.

நான்காவது வாரம் வந்தது நாய்க்குடை.

நாயின் முதுகில் கட்டும் குடை. யோசனை பெத்தனியுடையது, அணித் தலைவியும் அவள்தான். லண்டன் சந்தையில் விரித்ததும் காற்று அடித்தது. ஒரு நாய் குடையோடு ஓடிப்போனது. இன்னொன்று குடையைத் தின்றுவிட்டது.

அன்று குடை விற்ற ஒரே ஆள் ஜாஸ்பர். ஒல்லியான, சாதுவான பையன். பூனை வளர்க்கிற அம்மாளிடமே ஒரு குடை விற்றான். அதை நாடே பார்த்தது.

அன்று மாலை, நடுவரான லேடி பிராக்டர் முன்னால் நின்று பெத்தனி சொன்னதையும் நாடே பார்த்தது.

"எல்லாம் ஜாஸ்பராலதான் மேடம். இவன் ஒண்ணுமே செய்யலை. இவனை வெச்சுக்கிட்டு எந்த வேலையும் நடக்காது."

ஜாஸ்பர் வாயே திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். லேடி பிராக்டர் அவனை வீட்டுக்குக் கிளம்பச் சொன்னார். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்ததைப் பார்த்து மேவிஸ் அழுதுவிட்டாளாம்.

அதன் பிறகு கடைக்கு வந்தவர்கள் மீன் வாங்கியதை விடப் பேச்சைக் கொட்டியதுதான் அதிகம். வறுவல் கருகினால் அதையும் ஜாஸ்பர் தலையில் கட்டுவாளா என்று கேட்டார் தபால்காரர். நார்மனுக்கு முகத்தை மாவுச் சட்டிக்குள் ஒளித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று மகளிடம் கேட்டும் பார்த்தார்.

"போட்டின்னா அப்படித்தான்ப்பா" என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு சீவப் போய்விட்டாள்.

எப்படியோ இறுதிச் சுற்று வரைக்கும் போனாள். அது நேரடி ஒளிபரப்பு. அரங்கத்தில் இருப்பவர்கள் கைதூக்கி வெற்றியாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முந்நூறு பேரில் பெத்தனிக்குப் பதினொரு கைகள் எழுந்தன. அதில் இரண்டு நார்மனுடையவை.

மறு சனிக்கிழமை மதியம், கூட்ட நேரத்தில், கடை வாசலில் ஒரு பெரிய கார் வந்து நின்றது. சிவந்த முகத்தோடு ஒருவர் இறங்கினார். பின்னாலேயே ஜாஸ்பர். வரிசையில் நின்றவர்கள் தாமாகவே வழிவிட்டார்கள். மேவிஸ் நல்ல இடமாகப் பார்த்து நின்றுகொண்டாள்.

தான் ஜாஸ்பரின் அப்பா என்றும், நான்கு ஊரில் கம்பளக் கடை வைத்திருப்பவர் என்றும் அவர் சொன்னார். 'நாட்டின் அடுத்த பெரிய முதலாளி எங்கள் வீட்டுப் பிள்ளை' என்று நான்கு கடையிலும் பதாகை கட்டினாராம். நான்கையும் ஊர் சிரிக்க அவிழ்த்தாராம்.

"என் பையன்கிட்ட நீ மன்னிப்புக் கேக்கணும். இத்தனை பேர் முன்னாடி" என்றார்.

பிறந்ததிலிருந்து பெத்தனி யாரிடமும் மன்னிப்புக் கேட்டதாக நார்மனுக்கு நினைவில்லை.

பெத்தனி கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"தப்பு என்னோடதுதான் சார். நான் ஜெயிக்கணும்னு பொய் சொன்னேன். ஜாஸ்பர் மேல ஒரு குத்தமும் இல்லை. மன்னிச்சுக்கோ ஜாஸ்பர்."

இனி சொல்லி என்ன பயன் என்றார் ஜாஸ்பரின் அப்பா. வியாபாரத்துக்கு லாயக்கில்லாதவன் என்று பையனைத் தன் தம்பியின் பன்றிப் பண்ணைக்கு அனுப்பப் போவதாகச் சொல்லிவிட்டு, விறுவிறுவென்று காருக்குப் போய்விட்டார்.

பாவம் பிள்ளை என்று எல்லாரும் முணுமுணுத்தார்கள். நார்மன் வெட்கம் தாங்காமல் இரண்டு பெரிய மீனைக் கட்டி அவன் கையில் திணித்தார்.

பொட்டலத்தை வாங்கிக்கொண்ட ஜாஸ்பர், அப்பா கார் கதவைச் சாத்தும் வரை காத்திருந்தான். பிறகு பெத்தனியின் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் முகமெல்லாம் சிரிப்பு.

"திங்கட்கிழமை போறேன் பெத்தனி, பண்ணையில நூத்திருபது பன்றி இருக்காம்! நானா விலகியிருந்தா அப்பா என்னைக் கம்பளக் கடையிலயே உக்கார வெச்சிருப்பார். எப்படியாவது என்னை லாயக்கில்லாதவன்னு சொல்லி வெளிய அனுப்புங்கன்னு போட்டியில இருந்த எல்லார்கிட்டயும் அழுதேன். கெட்ட பேர் வரும்னு அத்தனை பேரும் ஒதுங்கிட்டாங்க, நீ ஒருத்திதான் சரின்னே."