ஃபில்டர் இல்லாத தொட்டி

மெர்சியின் மீன் தொட்டியில் மறுபடியும் இரண்டு மீன் குறைந்திருந்தது. திருடன் வெளியாள் இல்லை. கட்டின புருஷன்தான்.

"ஏங்க, இன்னிக்கும் கம்பெனிக்கு எடுத்துகினு போனீங்களா? போன வாரம் போனதுங்க இன்னா ஆச்சு?"

"செத்துப் போச்சு" என்றான் ஜோஷ்வா, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கம்பெனித் தொட்டியில ஃபில்டர் கீதா, இல்லையா?"

"இல்ல."

"ஒண்ணு வாங்கி மாட்டினா இன்னாவாம்?"

"அதுக்குத் தேவையில்ல மெர்சி. ரசம் ஊத்து."

ஜோஷ்வா வாயிலிருந்து இவ்வளவு வந்ததே பெரிய விஷயம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு சாயக் கம்பெனியில் ஆபரேட்டர் வேலை. நாளெல்லாம் மோட்டார் சத்தத்தில் நிற்கிறவன். பேச்சை வேலை இடத்திலேயே வைத்துவிட்டு வருவான் போலிருக்கிறது.

ஆனால் மெர்சிக்குக் கேள்வி ஒட்டிக்கொண்டது. ஒரு தொட்டிக்கு உண்மையில் எவ்வளவு ஃபில்டர்தான் வேண்டும்?

கவரைப்பேட்டை மீன் கடைக்காரர், "எவ்ளோ பெரிசோ அவ்ளோ நல்லதும்மா" என்றார். அவர் வேறென்ன சொல்வார். செல்போனில் வீடியோ போடும் ஆள் ஒன்றுக்கு இரண்டாக மாட்டச் சொன்னான். சர்ச்சில் கூடப் பாடும் விக்டோரியா மட்டும் சிரித்தாள். "நாலு மீனுக்கு ஒரு சின்ன ஸ்பாஞ்சு ஃபில்டரே ஜாஸ்தி. செடியைப் போட்டுட்டு, தீனியைக் குறைடீ."

மெர்சி யாரையும் நம்பவில்லை. தானே சோதித்துப் பார்த்தாள். பெரிய ஃபில்டரைப் போட்டால் மீனெல்லாம் இழுப்பு தாங்காமல் மூலையில் ஒண்டின. சின்னதைப் போட்டால் குஷியாக நீந்தின. மீன் கொஞ்சம், தீனி கொஞ்சம் என்றால் சின்னதே போதும் என்று முடிவுக்கு வந்தாள்.

ஆனால் ஒன்றுமே இல்லாமல் விடுவதா? அதற்குப் பேர் வளர்ப்பு இல்லை, கொலை.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்குக் கம்பெனி கேட்டைத் திறந்து குடும்பங்களை உள்ளே விடுவார்கள். வேதக்காரர்கள் என்று யாரும் வீட்டில் உட்கார்ந்துவிடுவதில்லை. பொரியும் சுண்டலும் எல்லோருக்கும் உண்டு. மெர்சியும் கிளம்பினாள், ஹேண்ட்பேக்கில் ஒரு சின்ன ஃபில்டரோடு.

ஜோஷ்வா வேலை பார்க்கும் பிளான்ட் கம்பெனியின் பின்பக்கம் இருந்தது. அழுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்து வெளியே விடும் இடம். அதற்கு மட்டும் பூஜையன்றும் லீவு கிடையாது. ஜோஷ்வா பூசணிக்காய் உடைக்கும் இடத்துக்குப் போயிருந்தான். காவலுக்கு அவனோடு ஷிஃப்ட் பார்க்கும் திருமலை நின்றான்.

ஓரத்தில் அந்தத் தொட்டி. அன்று காலை அவன் எடுத்துவந்திருந்த அவளுடைய இரண்டு மீனும் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மெர்சி ஹேண்ட்பேக்கிலிருந்து ஃபில்டரை எடுத்தாள்.

"தம்பி, பிளக் பாயின்ட் எங்க கீது?"

"அண்ணனாண்ட கேட்டீங்களா அண்ணி?"

"மீனு என்னுது. அவரை இன்னாத்துக்குக் கேக்கணும்?"

திருமலை இடத்தைக் காட்டினான். ஃபில்டர் குமிழி விட ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டும் கீழே இறங்கி வாலை ஆட்டின. மெர்சிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

திருமலையும் குனிந்து பார்த்தான். "பரவால்லியே, தெளிஞ்சிடுச்சே" என்றவன், சுவரோரம் இருந்த பெரிய வால்வைத் திருகிவிட்டான். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

பொரிப் பொட்டலத்தோடு வந்த ஜோஷ்வா, ஃபில்டரைப் பார்த்தான், வால்வைப் பார்த்தான். அடுத்த நொடி பொரி தரையில் சிதற, ஓடிப்போய் இரண்டு கையாலும் வால்வை மூடினான். பிறகு வந்து பிளக்கைப் பிடுங்கினான்.

"இன்னா மனுஷங்க நீங்க?" மெர்சி கத்தினாள். "வாயில்லா ஜீவன் மூச்சுக்குத் தவிக்குது. அதைப் பிடுங்க எப்படிங்க மனசு வந்துச்சு?"

 ஜோஷ்வா வாளியில் நல்ல தண்ணீர் பிடித்தான். இரண்டு மீனையும் வலையில் அள்ளி அதில் விட்டு, அவள் முன்னால் வைத்தான்.

"ஊட்டுக்கு எடுத்துகினு போ. இதுங்க சேதி சொல்லிட்டுதுங்க. மத்ததுங்க நான் ஷிஃப்டுக்கு வர்றதுக்குள்ள செத்துப் போச்சு, இதுங்களாவது பொழைக்கட்டும்."

"இன்னா சேதி?"

"நாங்க சுத்தம் பண்ற தண்ணிதான் இந்தத் தொட்டியில வந்து வுழுது. மீனு நல்லா இருந்தாதான் வால்வைத் தொறக்கணும். தவிச்சுதுன்னா தண்ணி இன்னும் சரியாவலன்னு அர்த்தம். திரும்ப முதல்லேர்ந்து ஓட்டணும்."

திருமலை தலையைச் சொறிந்தான். "நல்லாத்தானே நீஞ்சுச்சு, அதான் தொறந்துட்டேண்ணே."

"அது ஃபில்டர் குடுத்த மூச்சுடா, தண்ணி இன்னும் கெட்டதுதான்" என்றான் ஜோஷ்வா. "மேனேஜரும் ஃபில்டர் மாட்டச் சொல்லித்தான் பாத்தாரு. தண்ணி செக் பண்ண ஆபீசருங்க வந்தா பார்வையா இருக்குமாம். வேலையே போனாலும் மாட்ட மாட்டேன்னுட்டேன்."

மெர்சிக்குக் கோபம் பாதி இறங்கியும் மனசு ஆறவில்லை. "ஒரு சின்ன ஃபில்டருங்க. மாட்டியிருந்தா எல்லாமே பொழைச்சிருக்குமே."

ஜோஷ்வா காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினான். வால்வுக் குழாய் போய்ச் சேரும் ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று யாரோ வலை வீசிக்கொண்டிருந்தார்கள். கரையோரம் பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுக்கு நீ மாட்டிட்டே மெர்சி. அதுக்கு யாரு மாட்டுவா?"