முன்வரிசைப் புகார்

“கண்ணாடியைக் கழட்டாதீங்க சார்!”

பல் டாக்டர் திடுக்கிட்டார். வெயில் இறங்கிவிட்டதே என்று கூலிங் கிளாஸை நெற்றிக்கு ஏற்றியது ஒரு குற்றமா?

சொன்னவர் செக்யூரிட்டி. தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம், மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்தபடி நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால், டாக்டர் உயிரையே விடும் இசைக்குழு முதல் பாட்டை ஆரம்பித்திருந்தது.

“ஏன் கழட்டக் கூடாது?”

“லேசர் லைட்டு சார். கண்ணுக்கு ஆகாது.”

“அப்ப எனக்கு?” என்றான் பக்கத்தில் நின்ற மைத்துனன். அவனிடம் கண்ணாடியே இல்லை.

செக்யூரிட்டி அவனை மேலும் கீழும் பார்த்தார். “உங்களுக்கு ஒண்ணும் ஆகாது சார்.”

டாக்டர் வேண்டாவெறுப்பாகக் கண்ணாடியை இறக்கினார். ஆறு வருஷம் கழித்து இந்த ஊருக்கு வந்திருக்கும் குழு. இந்த முன்வரிசைக்காகக் காலையிலேயே வந்து கால் கடுக்க நின்றவர் அவர். நேற்று ஒருவரின் கடைவாய்ப் பல்லைப் பாதி குடைந்த நிலையிலேயே, “நாளன்னிக்கு வாங்க” என்று அனுப்பிவைத்தவர்.

இரண்டாவது பாட்டுக்கு டாக்டர் தலையை ஆட்டி ஆட்டிக் குதித்தார்.

“சார், தலையை ஆட்டாம பாருங்க.”

“யோவ், இது கச்சேரியா, எக்ஸ்ரே எடுக்கிற இடமா?”

“பின்னாடி இருக்கிறவங்களுக்கு மறைக்குது சார்.”

டாக்டர் திரும்பிப் பார்த்தார். பின்னால் நின்றவர் அவரைவிட ஒரு அடி உயரம்.

மூன்றாவது பாட்டில், “ரெண்டடி இடது பக்கம் தள்ளி நில்லுங்க” என்றார் செக்யூரிட்டி. நாலாவது பாட்டில் தன் கைக்குட்டையையே நீட்டினார். “வேர்த்து ஊத்துது சார். கண்ணாடியைத் தொடைச்சுக்கோங்க.”

“மாமா, இந்த ஆளு செக்யூரிட்டியா, உங்களுக்கு வச்ச நர்ஸா?” என்றான் மைத்துனன்.

“கூட்டத்துல வேற ஆளே கிடைக்கலையா இவனுக்கு? தானும் ரசிக்கமாட்டான், ரசிக்கிறவனையும் விடமாட்டான். கழுதைக்குத் தெரியுமா மாப்ளே கற்பூர வாசனை?”

அது செக்யூரிட்டியின் காதில் விழாமல் இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அவர் டாக்டரின் முகத்தையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கச்சேரி முடிந்தபோது டாக்டரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நேரே வாசலில் இருந்த புகார் மேசைக்குப் போனார்.

“அடிச்சாரா?” என்று கேட்டார் சூப்பர்வைசர்.

“இல்லை.”

“கெட்ட வார்த்தை?”

“சார் சார்னுதான் பேசினான்.”

“அப்புறம் என்னத்தை எழுதுறது? தலையை ஆட்டாதேன்னு சொன்னார்னு எழுதினா, மேலிடத்துல சிரிப்பாங்க. எங்க தொழில்ல மன்னிப்பே இல்லாத குற்றம் ஒண்ணுதான் சார். காவல் நிக்கிறவன் நிகழ்ச்சியைப் பார்க்கக் கூடாது. பார்த்தான்னா அன்னிக்கே சீட்டு கிழிஞ்சுது.”

டாக்டர் ஒரு கணம் யோசித்தார். தாளை வாங்கினார். ‘மேற்படி காவலர் தன் வேலையைக் கவனிக்காமல், ஆரம்பம் முதல் கடைசிவரை நிகழ்ச்சியையே பார்த்து ரசித்துக்கொண்டிருந்தார்’ என்று பட்டை தீட்டி எழுதினார்.

எட்டிப் படித்த மைத்துனன் பதறினான். “மாமா! அந்த ஆளு ஒரு தடவைகூட மேடைப் பக்கம் திரும்பலையே!”

“தெரியும். நீ வாயை மூடு.”

சூப்பர்வைசர், ஒற்றைச் செருப்போடு வந்து நின்ற இன்னொருவரைச் சமாளிக்கத் திரும்பியிருந்தார். அந்த நேரம் பார்த்து, மூச்சிரைக்க ஓடிவந்தார் செக்யூரிட்டி.

“சார், நல்லவேளை நீங்க இன்னும் போகலை. ஒரே ஒரு சந்தேகம்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மூணாவது பாட்டுல, டிரம்ஸ் வாசிக்கிறவரு குச்சியைத் தூக்கிப் போட்டுப் பிடிச்சாரே, எந்தக் கையால பிடிச்சாரு?”

“அது உனக்கு எதுக்குய்யா?”

“வீட்டுல போய்ச் சொல்லணும் சார், தப்பாச் சொல்லிடக் கூடாது. பதினோரு வருஷமா இவங்க எங்க வாசிச்சாலும் கெஞ்சிக் கூத்தாடி முன்வரிசை டியூட்டி வாங்கிடுவேன். இத்தனை வருஷமும் கேட்டதோட சரி. இன்னிக்குத்தான் முதல் தடவையா நேர்ல பார்த்தேன்.”

“எப்படிப் பார்த்தே? மேடைக்கு முதுகைக் காட்டித்தானே நின்னே?”

“உங்க கூலிங் கிளாஸ்ல சார். முழு மேடையும் அப்படியே தெரிஞ்சுது. ஆனா இடது வலது மாறித் தெரியுமில்ல? அதான் கேக்கிறேன்.”

டாக்டர் கண்ணாடியைக் கழட்டித் திருப்பிப் பார்த்தார்.

“தெரியலீங்க. அந்த நேரம் நான் உங்களைத்தான் முறைச்சுக்கிட்டிருந்தேன்.”

“பரவாயில்ல சார். ரொம்ப நன்றி. தலையை ஆட்டாதீங்கன்னு தொந்தரவு பண்ணிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க.” செக்யூரிட்டி கூட்டத்துக்குள் புகுந்து மறைந்தார்.

செருப்பு விவகாரத்தை முடித்துவிட்டு சூப்பர்வைசர் கையை நீட்டினார். “எழுதியாச்சா சார்? குடுங்க.”

டாக்டர் தாளை நாலாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் திணித்தார்.

“கோவத்துல பொய்யா எழுதிட்டேங்க. அவர் நிகழ்ச்சியைப் பார்க்கவே இல்லை” என்று வாய் கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னார்.