மர டிரம்

வேலூர் ஆஸ்பத்திரியில் டிரெட்மில் டெஸ்ட்டுக்குக் காத்திருந்தார்கள். ஜெஸ்டன் மடியில் புது ஷூ இருந்த பை. மனைவியிடம் கையை நீட்டினான்.

"பாரு ஹெப்சி, எப்பிடி நடுங்குதுன்னு. நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது. ராத்திரியெல்லாம் பொட்டுத் தூக்கமில்ல."

"இன்னாங்க, சின்னப்புள்ளயாட்டம்! ஒண்ணும் ஆவாது. கண்ண மூடிக்கினு, உங்க டேனரியில தோலு ஊறுற மர டிரம்ம நெனைங்க. மெதுவா சுத்துது... உள்ள தண்ணியும் தோலும் பொரளுது... கேக்குதா?"

அவள் குரலில் டிரம் சுற்றச் சுற்ற, வராந்தா கரைந்துபோனது. எங்கோ மழை பெய்வதுபோல் ஒரு சத்தம். சொல்லிக்கொண்டே ஹெப்சியும் கண்களை மூடிக்கொண்டாள்.

"ஹெப்சி! டெஸ்ட்டுக்கு உள்ள வாங்க," என்றார் நர்ஸ்.

ஜெஸ்டன் குனிந்து அவள் காலில் ஷூவை மாட்டி, லேஸ் கட்டிவிட்டான்.

"நெஞ்சுவலி எனக்கு, பயம் உங்களுக்கா?" ஹெப்சி சிரித்தாள். "உங்களத் தேத்துனதுல நான் பயப்படவே மறந்துட்டேன்."

அதற்காகத்தானே நேற்றிலிருந்து அவன் நடித்தான்!

கதவு மூடிக்கொண்டது. இப்போதுதான் கை நிஜமாக நடுங்கியது. ஜெஸ்டன் கண்ணை மூடி அந்த டிரம்மை நினைத்துப் பார்த்தான்.

அவள் குரல் இல்லாமல் அது சுற்றவே இல்லை.