எண்பத்தேழாவது வரிசை

திரையில் எண்பத்தேழாவது வரிசை இன்னும் மஞ்சளாகவே இருந்தது.

அவள் கோப்பைகளைத் தட்டில் அடுக்கியபடி அதைப் பார்த்தாள். பார்க்காதவள் போலப் பார்க்கப் பழகியிருந்தாள். கூட்ட அறையில் காபி கொடுப்பவளுக்கும் கண் உண்டு என்பது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

நான்கு நிரல்கள்.

முதலாவதில் நாடுகளின் ஒன்றியத்து அலுவலகம் எழுதிய சட்ட வாசகம். இரண்டாவதில் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் கேட்பது. மூன்றாவதில் அந்த நாடுகளின் அரசாங்கங்கள் கேட்பது. நான்காவது வெறுமை. அந்த வெறுமையில் எது எழுதப்படுகிறதோ அதுதான் ஒன்றியத்தின் எல்லா நாடுகளுக்கும் சட்டம்.

மஞ்சள் என்றால் இழுபறி. பச்சை என்றால் முடிந்தது.

எண்பத்தேழில் கேள்வி ஒன்றுதான். அகதியாக வந்தவனைக் குடும்பத்தார் தம்மிடம் அழைத்துக்கொள்ளலாம். ஆனால் குடும்பம் என்றால் யார் யார்?

இரண்டாவது நிரலில் 'உடன்பிறந்தோர்' என்று இருந்தது.

மூன்றாவதில் இல்லை.

கஜீபன் அவளுடைய தம்பி. கடல் தாண்டி வந்து, ஒன்றியத்தின் விளிம்பிலுள்ள ஒரு தீவு முகாமில் இருபது மாதமாகக் கிடக்கிறான். தாய் தகப்பன் இல்லை. அந்த ஒரு சொல் நின்றால் அவன் இந்த நகரத்துக்கு, அவளிடம் வரலாம். நிற்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

போன வசந்தத்தில் உறுப்பினர்கள் வாக்களித்து அந்தச் சொல்லைச் சேர்த்தார்கள். எழுந்து நின்று கைதட்டினார்கள். அதுவே சட்டம் என்று அவள் நினைத்துவிட்டாள். அன்று மாலையே தம்பியிடம் காலணி அளவு எத்தனை என்று கேட்டாள். இங்கே பனிக்குத் தடித்த சப்பாத்து வேண்டும்.

அவன் சொல்லவில்லை.

"முதல்ல சட்டம் வரட்டும் அக்கா. உனக்கு எப்பவும் அவசரம். பிள்ளை பிறக்க முன்னம் ஆரும் தொட்டில் வாங்குவினமே?"

அதன் பிறகு ஆறு கூட்டங்கள். ஆறிலும் அவளே காபி கொடுத்தாள். வேலை முறையை மாற்றிக் கேட்டு வாங்கிக் கொடுத்தாள். அதில் ஒன்றைக் கண்டுகொண்டாள். மேசையைச் சுற்றி இருக்கும்வரை அவர்கள் வாசிப்பார்கள். முன்பே எழுதிக்கொண்டு வந்ததை வாசிப்பார்கள். எதுவும் அசையாது. காபி வந்ததும் எழுந்து இருவர் இருவராக ஒதுங்குவார்கள். திரும்பி வந்து உட்காரும்போது ஏதோ ஒரு வரிசை பச்சையாகும்.

இது ஏழாவது கூட்டம். கடைசி என்று மேற்பார்வையாளர் காலையிலேயே சொல்லியிருந்தார். கொண்டாட்டத்துக்கு நீண்ட காம்பு வைத்த கண்ணாடிக் குவளைகள் முப்பதைத் துடைத்து வைக்கச் சொல்லியிருந்தார்.

காலையிலேயே.

அவள் காபியை அரை மணி நேரம் பிந்த வைத்தாள். இயந்திரம் சூடாகவில்லை என்றாள். பச்சை வேண்டாம், மஞ்சளாகவே இருந்துவிட்டாலும் போதும் என்று இருந்தது அவளுக்கு.

தட்டோடு அவள் உள்ளே வந்தபோது எல்லோரும் களைத்துப் போயிருந்தார்கள்.

முதலில் எழுந்தவர் ஒரு நரைத்தலைப் பெண்மணி. அந்தச் சொல்லுக்காக ஏழு கூட்டமும் வாதாடிய உறுப்பினர். அரசாங்கங்களின் சார்பில் வந்தவர் அவரருகே வந்து நின்றார். வேறெங்கும் ஒதுங்கவில்லை. காபி மேசையோரம்தான். இருவருக்கும் நடுவில் நின்று அவள் ஊற்றினாள்.

அகதிகளாக வரும் வழியில் மணம் முடித்தவர்களையும் குடும்பமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் வந்தவர். எங்கள் பக்கம் அதை ஏற்கும். உடன்பிறந்தோரை விட்டுவிடுங்கள்.

பெண்மணி கோப்பைக்குள் பார்த்தார். வெகுநேரம் பார்த்ததாக அவளுக்குத் தோன்றியது. ஒரு கரண்டி சீனி கரையும் நேரம்தான்.

"பால் இருக்கிறதா?" என்று அவளிடம் கேட்டார்.

அவள் எடுத்துக் கொடுத்தாள்.

யாரும் குரல் உயர்த்தவில்லை. உடன்பிறந்தோரைப் பற்றி ஒருவரும் ஒரு பொல்லாத வார்த்தை சொல்லவில்லை. போய் உட்கார்ந்தார்கள். யாரோ விசைப்பலகையைத் தட்டினார்கள். நான்காவது நிரலில் ஒரு வாக்கியம் ஊர்ந்து வந்தது.

அவள் மூன்று தரம் வாசித்தாள். அந்தச் சொல் இல்லை.

வரிசை பச்சையானது.

கைதட்டல். குவளைகளைக் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுபோனாள். பெண்மணி ஒரு குவளையை எடுத்து அவளிடமே நீட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"ஏழு கூட்டமும் எங்களோடு இருந்தீர்கள். இதில் உங்களுக்கும் பங்கு உண்டு."

அவள் வாங்கிக்கொண்டாள்.

சுவரிலிருந்த செய்தித் திரையில் அதற்குள் எழுத்து ஓடத் தொடங்கியது. குடும்பம் என்பதற்கு விரிந்த விளக்கம், ஒன்றியம் உடன்பாடு. இதே வரி இந்நேரம் எல்லாக் கைபேசிகளுக்கும் போயிருக்கும்.

தீவுக்கும்.

ஏப்ரன் பைக்குள் கைபேசி ஒருமுறை அதிர்ந்தது. குவளையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் பிடித்தபடியே எடுத்துப் பார்த்தாள்.

கஜீபன்.

ஒரேயொரு சொல் அனுப்பியிருந்தான்.

ஒன்பது.