எண்பதில் போன வேன்

அதிவேகமாக ஓட்டியதாக வந்திருந்த அபராதச் சீட்டைப் படித்துவிட்டு, பேக்கரிக்காரர் அலுப்போடு பெஞ்சில் சாய்ந்தார்.

"நம்ம வேன் எண்பதுல போச்சாமா? மேட்டைப் பார்த்தாலே மூச்சு வாங்குமே!" மனைவி கொதித்தாள். "சும்மா விடாதீங்க. கோர்ட்டுக்கே போய்க் கேளுங்க."

பில் பணம் வாங்க வந்திருந்த மெக்கானிக் சிரித்தான். "அன்னிக்கு வேன் நடுரோட்டுல படுத்துடுச்சு அண்ணி. நான்தான் என் லாரியில கட்டி இழுத்துட்டு வந்தேன். கேமராவுல வேனோட பின்பக்கம் மட்டும் விழுந்திருக்கு. நானே வந்து சாட்சி சொல்றேன் அண்ணே!"

"வேணாம்ப்பா. கட்டித் தொலைச்சிடறேன்."

"செய்யாத தப்புக்கா?" என்றாள் மனைவி.

அவர் எழுந்துபோய், சீட்டை வேனின் முன்கண்ணாடியில் ஒட்டினார்.

பக்கத்தில், வெயிலில் வெளுத்துப்போன அவருடைய பழைய அட்டை: 'விற்பனைக்கு. வண்டி நல்லா ஓடும்.'