குனியும் பேனா

சரியான விடைக்கு அவள் எதுவும் எழுதுவதில்லை.

அது அவளுக்குப் பழகிப்போன வழக்கம். குழந்தை சரியாகச் சொன்னால் மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவாள். தவறாகச் சொன்னால் மட்டும் குனிந்து, சொன்னதைச் சொன்னபடியே எழுதுவாள். குழந்தையின் மனம் பிழையில்தான் தெரியும் என்று படித்திருந்தாள்.

முகத்தில் மட்டும் எதையும் காட்டக் கூடாது. அதில் அவளை மிஞ்ச அவளுடைய பயிற்சி வகுப்பில் ஆளில்லை.

கல்வி உளவியலாளர் ஆவதற்கு முன் இப்படி ஒரு பள்ளியில், மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் வேலை பழக வேண்டும். அவளுக்கு மெஹருன்னிசா மேடம் வாய்த்திருந்தார்.

இன்று எதிரே ஜெனிட்டா. மூன்றாம் வகுப்பு. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது.

சென்ற வாரமே ஜெனிட்டாவைச் சோதித்தாயிற்று. முதல் சில கேள்விகளுக்குப் பளிச்சென்று விடை வந்தது. பிறகு ஒரு பிழை. இன்னொரு பிழை. அதன்பின் வாயே திறக்கவில்லை.

விடை இல்லையென்றால் மதிப்பெண் இல்லை. விதி அது.

‘கற்கும் திறன் குறைவு, சிறப்புப் பள்ளிக்கு மாற்றலாம்’ என்று அறிக்கை எழுதினாள். தலைமையாசிரியையும் அதற்காகத்தான் காத்திருந்தார். கையெழுத்து விழுந்தால் ஜெனிட்டாவின் பை நாளை வேறொரு பள்ளிக்குப் போகும்.

மேடம்தான் கையெழுத்திடவில்லை.

“பிள்ளையப் பாக்காம எனக்குப் பேனா ஓடாதும்மா. வயசாயிட்டுல்லா” என்றார்.

அதனால் இன்று மறுபடியும் அதே அறை. ஜன்னலுக்கு அப்பால் உப்பளம். மேடம் மூலையில், கண்ணை மூடியவர்போல் அமர்ந்திருந்தார்.

புதிய கேள்விகள் தொடங்கின.

மூன்று விடைகள் சரி. நான்காவது பிழை. அவள் குனிந்து எழுதினாள்.

ஜெனிட்டாவின் உதடுகள் மூடிக்கொண்டன.

ஐந்தாவது கேள்வி. மௌனம். ஆறாவது. மௌனம்.

அவள் தன் அறிக்கை சரிதான் என்று நிறுவிக்கொண்டிருக்கிறாள். ஏனோ அதில் மகிழ்ச்சி இல்லை.

“கேள்வி போதும்” என்றார் மேடம், கண்ணைத் திறக்காமலே. “ஏட்டி ஜெனி, எனக்கு உறக்கம் வருது. ஒரு கதை சொல்லு பாப்போம்.”

சிறுமி ஜன்னலைப் பார்த்தாள். உப்பளத்து நீரில் கொக்கு ஒன்று நின்றிருந்தது.

“ஒரு கொக்கு இருந்துச்சாம். அது மீன்கிட்ட கேள்வி கேட்டுச்சாம்.”

நல்ல தொடக்கம் என்று குறிக்க அவள் குனிந்தாள்.

கதை நின்றது.

அவள் நிமிர்ந்தாள்.

“மீன் நல்லாச் சொன்னா கொக்கு சும்மா நிக்குமாம்” என்று கதை தொடர்ந்தது. “தப்பாச் சொன்னா டக்குன்னு குனிஞ்சிருமாம்.”

“பெறவு?” என்றார் மேடம்.

“மீனுக்கு எல்லாம் தெரியும். ஆனா வாயத் தொறக்கல.”

“ஏன்?”

“தொறந்தா கொக்கு குனிஞ்சிரும்லா.”



அவள் தன் கையைப் பார்த்தாள். பேனாவின் முள் தாளைத் தொட்டபடி இருந்தது. முகத்தைக் காக்கக் கற்றவள், கழுத்தைக் காக்க மறந்திருந்தாள்.

பிழை தன்னுடையது என்று அறிந்து இவ்வளவு நிம்மதி அடைந்தவர் உலகில் இருப்பார்களா, தெரியாது. அவள் அடைந்தாள். 

மேடம் பையிலிருந்து அந்த அறிக்கையை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“நல்லவேள, கையெழுத்துப் போடுறதுல நான் சோம்பேறி. பெரிய டீச்சர்கிட்ட நீயே போய்ச் சொல்லு. அடுத்த மாசம் பிள்ளைய மறுபடி முதல்ல இருந்து சோதிச்சுப் பாப்போம்.”

“இப்பவே சொல்லிடறேன், மேடம்.”

எழுந்தவள் வாசல்வரை போய்த் திரும்பினாள். அதற்கு முன் சொல்ல வேண்டிய ஆள் ஒருத்தி இந்த அறையிலேயே இருந்தாள்.

மேசையைச் சுற்றி வந்து சிறுமியின் அருகே மண்டியிட்டாள்.

“ஜெனி, நான் பண்ணினது தப்பு. நீ சரியாச் சொன்னப்பல்லாம் நான் ஒண்ணுமே எழுதல. மன்னிச்சுக்கம்மா.”

ஜெனிட்டா மேடத்தைப் பார்த்தாள். பெரியவர்கள் இப்படிப் பேசுவதுண்டா என்று கேட்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

அவள் சிறுமியைத் தன் நாற்காலியில் உட்கார வைத்தாள். பேனாவை அந்தக் கையில் கொடுத்தாள். தான் போய்ச் சிறுமியின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“இப்ப நீ கேளு.”

சிறுமி பேனாவை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“நண்டுக்குக் காது எங்க இருக்கு, மிஸ்?”

அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

“வயித்துலயா?” என்றாள். கண்கள் தாமாகவே பேனாவிடம் போயின.

சிறுமியின் கழுத்து அசையவில்லை.

ஜெனிட்டா மெதுவாக மேசையிலிருந்த மூடியை எடுத்து, பேனாவை ‘டக்’கென்று மூடினாள்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, மிஸ். நான் குனிய மாட்டேன்.”