ரெண்டு மணித்தியாலச் சுவர்

சுவரில் உள்ளங்கையை வைத்த நிமலன் வெடுக்கென்று எடுத்தான். மறுபடி வைத்தான். கடைசியில் கன்னத்தையே ஒட்டிப் பார்த்தான்.

"என்ன தம்பி, சுடுதோ?" என்று கேட்டாள் ஞானசவுந்தரி. சுடவேண்டும் என்ற ஆசையை அவள் ஒளிக்கவில்லை.

"குளிருது அக்கா."

நெடுந்தீவில் தியாகலிங்கத்தின் பேக்கரிக்கும் ஞானசவுந்தரியின் கொட்டிலுக்கும் நடுவில் நிற்கும், பவளப்பாறையில் வெட்டிய முருகைக்கல் சுவர் அது. அந்தப் பக்கம் பாண் சுடுகிற போறணை அடுப்பு. இந்தப் பக்கம் அவள் பெட்டி, பாய் இழைத்து விற்பதற்காக முகடு முட்ட அடுக்கி வைத்த காய்ந்த பனையோலை.

"முருகைக்கல்லைச் சூளையிலை வைச்சுச் சுட்டாச் சுண்ணாம்பு. மூண்டு வருசமா அந்தாள் இந்தச் சுவரைச் சுடுது. ஒருநாளைக்கு இது பொலபொலவெண்டு கொட்டுப்பட, என்ரை ஓலையெல்லாம் பத்தப்போகுது." இப்படி ஏழு பெட்டிசம் எழுதியிருந்தாள். கொஞ்சம் விஞ்ஞானமும் கலந்திருந்ததால் மேலிடத்தால் அவற்றைக் குப்பையில் போட முடியவில்லை. கட்டடங்களைப் பரிசோதிக்கும் நிமலனை அனுப்பிவிட்டார்கள்.

பரிசோதனை லேசானதுதான். போறணை எரிய எரிய, இரண்டு மணித்தியாலத்துக்குச் சுவரின் மறுபக்கம் சூடேறக் கூடாது. ஏறினால் பேக்கரிக்கு இன்றைக்கே பூட்டு. காலைப் படகில் சனம் நெரிந்தாலும், சாய்ந்து நித்திரை கொள்ள மெத்தென்று ஓர் உரப்பை அகப்பட்டதால் நிமலன் தெளிவாகவே வந்திருந்தான்.

"அதென்ன ரெண்டு மணித்தியாலக் கணக்கு?" என்றாள் ஞானசவுந்தரி.

"அதுக்குள்ளை தீயணைப்பு வண்டி வந்திடும் அக்கா."

"கடல் தாண்டி எந்தப் போட்டிலை ஏத்திக்கொண்டு வருவினம்?"

நிமலன் வெப்பமானியைத் துடைக்கத் தொடங்கினான்.

சுவரோரத்தால் தியாகலிங்கம் எட்டிப் பார்த்தார். தலையில் துவாய், தெப்பமாக நனைந்த பெனியன். தென்னிலங்கையில் பேக்கரி நடத்திப் பேரெடுத்த தகப்பனின் பிள்ளை. 'நெடுந்தீவு மண்ணில் சுட்ட பாண்' என்று ஓராள் உயரத்தில் போர்டு எழுதிப் போட்டவர். இன்றைக்குப் பூட்டு விழுந்தால் அந்தப் போர்டுக்கு முன்னால் எந்த முகத்தோடு நிற்பது என்ற கவலை அவருக்கு.

"போறணை எரியுதோ அண்ணை?"

"சுவாலை விட்டு எரியுது சேர். ஆனால் உள்ளுக்கை மட்டும் வந்திடாதேங்கோ, கதவு திறந்தாப் பாண் அமுங்கிப் போம்."

சட்டப்படி பார்க்க வேண்டியது இந்தப் பக்கத்தைத்தான். நிமலனும் சட்டத்தை மதிக்கிறவன்.

ஒரு மணித்தியாலம் போனது. கொட்டில் நிழலில் முப்பத்தொரு பாகை, சுவரிலும் முப்பத்தொரு பாகை. இரண்டாவது மணித்தியாலமும் போனது, வெப்பமானி அசையவில்லை. நெருப்பு என்று ஒரு சாமான் உலகத்தில் இருப்பதாகவே அந்தச் சுவர் காட்டிக்கொள்ளவில்லை.

"புகையெண்டாலும் இஞ்சாலை வாறதோ அக்கா?"

"பொய் சொல்லக்கூடாது. ஒரு நாளும் வரேல்லை," என்றாள் அவள், சொந்த வழக்கில் தானே எதிராகச் சாட்சி சொல்கிற மனவருத்தத்துடன்.

"பாத்தியளே, புகையையும் மறிக்குது."

அவளிடம் ஒரே ஒரு அம்புதான் மிச்சமிருந்தது. "சரி, காத்துக் கூடின நாளிலை நெருப்புப் பொறி பறந்து வந்து ஓலையிலை விழுந்தால்?"

"காத்து நாளிலை நான் பாணே போடுறேல்லை. ஊரைக் கேட்டுப் பாருங்கோ," என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"அது மெய்தான்," என்று ஞானசவுந்தரி முனகினாள். "சோளகக் காத்துத் தூக்கினால் கிழமைக்கணக்கிலை பாண் இல்லை. நாங்கள் ரொட்டிதான் தின்னுறனாங்கள்."

நிமலனுக்கு மனம் இளகிவிட்டது. அயலவளின் ஓலைக்காக வருமானத்தையே விடுகிற ஒரு மனிதன் இந்தக் காலத்தில் எங்கே கிடைப்பான்? இரண்டு மணித்தியாலச் சுவர் என்று எழுத வேண்டிய இடத்தில், நாலு மணித்தியாலம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தான். அதோடும் நில்லாமல், மூலையில் உதிர்ந்து கிடந்த ஒரு கல்லை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"யாழ்ப்பாணத்திலை கொண்டுபோய்ப் பெரியாக்களுக்குக் காட்டப்போறன் அண்ணை. இப்பிடியொரு சுவரை நான் படிப்பிலையும் காணேல்லை."

தியாகலிங்கத்துக்குக் கண் கலங்கியது. ஓடிப்போய்த் தேத்தண்ணியும், வாழைப்பழமும், இரண்டு இறாத்தல் பாணும் கொண்டுவந்தார். பாண் நல்ல மணம். என்ன, ஒவ்வொன்றின் நடுவிலும் ஆள் அமர்ந்து எழும்பினது போல ஒரு குழி.

"இதென்ன அண்ணை, குழி?"

"அது எங்கடை போறணையின்ரை ராசி சேர். வேறை இடத்துப் பாணிலை உது வராது."

ஞானசவுந்தரியும் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டாள். தோல்வி கசந்தாலும் பாண் ருசியாகத்தான் இருந்தது. "ஏதோ தம்பி, இனி நான் பயமில்லாமல் படுப்பன்," என்றாள். அதை அவள் மனதாரத்தான் சொன்னாள்.

ஊருக்கு ஒரு நன்மை செய்துவிட்ட நிறைவோடு நிமலன் இறங்குதுறைக்கு நடந்தான். படகில் சாமான் ஏற்றி இறக்கும் பஸ்ரியாம்பிள்ளை அவனைக் கைபிடித்து ஏற்றினார். பிறகு, சொல்வதோ விடுவதோ என்று தலையைச் சொறிந்தார்.

"சேர், இனி வரேக்கை காலமை மாதிரி அந்த உரப்பையிலை சாயாதேங்கோ. தியாகலிங்கத்தாற்றை பாணெல்லாம் குழி விழுந்து போச்சாம்."